மூன்று பேருக்கு ஒரு வரிசை

12 ஆகஸ்ட் 1991, திங்கள்

பிழை: சாம்சன் சாரின் நாடு சீனா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மாலை வகுப்பில் தணிகாசலம் சார் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதச் சொல்கிறார். முதலில் அன்றைய பிழை, பிறகு நடந்தது, கடைசியில் மறுநாள் வேலை. பிழையை முதலில் எழுதிவிட்டால் மற்றதைப் பூசி மெழுகாமல் எழுதலாமாம். தட்டச்சு படிக்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். விரல் மட்டும் வேலை செய்தால் போதுமா என்றார். நான் சரியாக எழுதுகிறேனா என்பது தெரியவில்லை. விடாமல் எழுதுகிறேன்.

பிழை நடந்த விதம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து, வெளியாள் யார் வந்து தங்கினாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெயர், வயது, தங்கும் இடம், நாடு. கம்பெனியில் அது என் வேலை. சாம்சன் சார் ஹாங்காங்கிலிருந்து வந்திருக்கிறார். வகுப்பில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் தேடினேன். சீனாவின் ஓரத்தில் ஒரு புள்ளியாக ஹாங்காங் இருந்தது. ஆகவே சீனா என்று எழுதி, போன வாரமே கொடுத்தும்விட்டேன். இன்று கோப்பை ஒழுங்குபடுத்தும்போது நகலை அவரிடம் காட்டினேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"சீனாக்காரங்களே என்னை அவங்க ஆளு இல்லன்றாங்க. நீ சேத்துக்கினியே, ரொம்ப தேங்க்ஸ் பூர்ணிமா."

"தப்பா சார்? அப்போ பிரிட்டிஷா?"

"பிரிட்டிஷ்னு பாஸ்போர்ட் குடுத்துக் கீறாங்க. ஆனா அத வெச்சிக்கினு லண்டன்ல போயி குடியிருக்க முடியாது."

"அப்போ இந்தியாவா?"

"இந்தியாவுக்கு விசா வாங்கிக்கினு வந்தேன்."

எனக்கு எதை அடித்து எதை எழுதுவது என்று புரியவில்லை. திருத்துவதை நாளைக்குத் தள்ளினேன்.

சாம்சன் சாரைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். எங்கள் கம்பெனி ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தின் பிளாஸ்டிக் கூடு செய்கிறோம். கூட்டை வார்க்கும் எஃகு அச்சு, புது மோல்டு, ஹாங்காங்கிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு ஆள் வருவார் என்றார்கள். சின்னக் கண்ணும் மஞ்சள் முகமுமாக ஒருவரை எதிர்பார்த்து வாசலில் எல்லோரும் நின்றோம். எங்களைவிடக் கறுப்பாக, நெற்றி ஏறிய ஒருவர் காரிலிருந்து இறங்கி, "குடிக்கத் தண்ணி கீதாம்மா?" என்றார். மோல்டிங் பிரிவில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று.

அவருடைய அப்பா சேரப்பணஞ்சேரிக்காரர். கப்பலில் சமையல் வேலைக்குப் போய், அங்கேயே இறங்கித் தங்கிவிட்டார். சாம்சன் சார் பிறந்தது, படித்தது, வேலை கற்றது எல்லாம் ஹாங்காங். தமிழ் அப்பாவிடமிருந்து வந்தது. அதனால்தான் அந்தக் கம்பெனி இவரைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறது. மனைவி சியூலான், சீனப் பெண். பதினோரு வயதில் ஒரு மகள், மெர்சி. இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து ஃபினிஷிங் பிரிவில் சந்திரம்மாள் அக்கா தினமும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். இன்றைய கேள்வி, "அவங்க கொழம்பு வெப்பாங்களா சார்?" என்பது. "நான் வெப்பேன். அவ குறை சொல்லுவா" என்றார் சாம்சன் சார்.

மதியம் முதலாளி வரதராஜுலு சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சாம்சன் சாரை மோல்டு பிரிவுக்குத் தலைவராக இங்கேயே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. மோல்டு பழுதானால் ஒவ்வொரு தடவையும் பம்பாய்க்கு அனுப்பிக் காத்திருக்கிறோம். வீடு தருகிறேன், குடும்பத்தை வரவழையுங்கள், குடியுரிமைக்கும் எழுதிப் போடலாம் என்று கேட்டுவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.

"பதினஞ்சாம் தேதி கொடியேத்தறதுக்குள்ள சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன். சரின்னார்னா அவர் கையாலயே நம்ம கொடிய ஏத்தவிட்டு, எல்லார் முன்னாடியும் அறிவிச்சுடலாம். பக்கத்துல அவங்க ஊர்க் கொடியும் ஒண்ணு பறக்கட்டும். மரியாதையா இருக்கும். அது என்ன கொடின்னு கேட்டு தைக்கக் குடுத்துடும்மா."

வெளிநாட்டுக்காரர் வந்தால் இரண்டு கொடி வைப்பது மறைமலை நகர் பக்கம் பெரிய கம்பெனிகளில் வழக்கமாம். அவர் அங்கே பார்த்திருக்கிறார்.

நாளைய வேலை: சாம்சன் சாரிடம் கொடியைக் கேட்டு, தையற்கடைப் பலராமன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். சீனாவைத் திருத்த வேண்டும்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

பிழை: தையற்கடையில் ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. எது என்று நினைவு வரவில்லை.

காலையில் சாம்சன் சார் மோல்டைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு சின்ன எஃகுத் துண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தீப்பெட்டியைவிடச் சிறியது. அதில் தலைகீழாக எழுத்துகள். கடிகாரத்தின் பின்புறம் எந்த நாட்டில் செய்தது என்று இருக்குமே, அது இந்தத் துண்டிலிருந்து விழுவதுதான். ஹாங்காங் என்றிருந்த துண்டை எடுத்துவிட்டு இந்தியா என்ற துண்டை வைத்து, இரண்டு திருகாணிகளை முடுக்கினார்.

கன்னியப்பன் அண்ணன் மெஷினில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மோல்டிங் ஆப்பரேட்டர், யூனியன் செயலாளர்.

"மோல்டு ஹாங்காங்கு, பிளாஸ்டிக் தூள் பம்பாயி, மெஷினு ஜெர்மனி. ரெண்டு ஸ்க்ரூவ முடுக்கினா இந்தியா. அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான்."

"ஆளுக்கும் இப்புடி ஒண்ணு கழட்டி மாட்டிட முடியாதா?"

"மாட்டலாம். எங்க கழட்டறதுன்னு தெர்ல கன்னியப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டீ நேரத்தில் நான் கொடி விஷயத்தைக் கேட்டேன். எங்கள் கொடி என்று சட்டென்று எதையாவது காட்டுவார் என நினைத்தேன். அவர் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஹாங்காங்குக்கு ஒரு கொடி கீது. இன்னும் ஆறு வருஷம் கீது. அப்புறம் பிரிட்டிஷ்காரங்க ஊர சீனாவுக்குக் குடுத்துட்டுப் போறாங்க. கொடியும் போயிடும்."

"அப்போ உங்களுக்கு?"

"சியூலான் சீனத்தி. அவ தானா சீனா ஆயிடுவா. மெர்சிய அம்மா வழில சேத்தாலும் சேப்பாங்க. நான் சீனன் இல்ல, என்னைச் சேக்க மாட்டாங்க. பிரிட்டிஷ்காரங்க கொஞ்ச பேருக்கு மட்டும் அவங்க நாட்டையே தரோம்னு மார்க்கு போட்டுப் பாத்தாங்க. படிப்புக்கு இவ்ளோ, வயசுக்கு இவ்ளோன்னு. எனக்கு மார்க்கு பத்தாது."

நாட்டுக்குக்கூட மார்க் போடுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று யோசித்தேன். தட்டச்சில் முதல் தேர்வே இரண்டு தடவை எழுதியவள் நான்.

"உங்க அப்பா எப்படி சார் அங்க இருந்தாரு?"

"அவர் போகும்போது ரெண்டு ஊரும் ஒரே ராஜா கைல. அவர் நாடு விட்டு நாடு போவல. கப்பல் ஏறி எறங்கினாரு, அவ்ளோதான். நாடுங்கதான் அப்புறமா நவுந்துகினே இருக்குது."

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்தார். நீலக் கொடி. மேல் மூலையில் பிரிட்டிஷ் கொடி. வலப்பக்கம் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் ஒரு சிங்கம், ஒரு டிராகன், நடுவில் ஒரு கேடயம், அதில் இரண்டு பாய்க்கப்பல்கள், மேலே கிரீடம். சிங்கம் நாய் மாதிரி வந்தது. ஓர் இடத்தில் அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

"முப்பது வருஷமா பாக்கறேன். வரையத் தெர்ல பாரு" என்றார்.

மாலை வகுப்புக்கு முன்னால் பலராமன் அண்ணன் கடைக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. போன தேர்தலில் எல்லாக் கட்சிகளுக்கும் கொடி அவர்தான் தைத்தார். கடைக்குள் இன்னும் பல நிறத்தில் துண்டுகள் தொங்குகின்றன.

"எந்தக் கட்சி பாப்பா?"

"கட்சி இல்லண்ணே. ஹாங்காங்."

"அது யாரோட கூட்டணி?"

"இப்போ பிரிட்டிஷ். ஆறு வருஷம் கழிச்சி சீனா."

"தொண்டனுங்க ஒத்துக்கினாங்களா?"

"அவங்களக் கேக்கலையாம்ணே."

"அதான பாத்தேன்" என்று தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மூலையில கீறது வெள்ளக்காரன் கொடி ஆச்சே. என்னிக்கு ஏத்தறீங்க?"

"பதினஞ்சாம் தேதி."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எந்த மாசம்?"

"இந்த மாசம்தான்."

"தைச்சித் தரேன். அடி வுழுந்தா எங்க தைச்சதுன்னு மட்டும் சொல்லாத."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. முதலாளிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருந்தாலும் முதலாளி சொன்ன வேலையை நானாக நிறுத்துவது சரியா என்று தெரியவில்லை. பலராமன் அண்ணன் அதற்குள் துணி தேடத் தொடங்கியிருந்தார். நீலம் இருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களுக்கு எடுத்ததில் மிச்சமாம். சிவப்பும் வெள்ளையும் எப்போதும் இருக்கும். வட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்ததும்தான் தலையை ஆட்டினார்.

"சிங்கம், ரெக்க வெச்ச பாம்பு, கப்பலு. இதெல்லாம் கத்திரில வராது பாப்பா. வட்டத்த வெள்ளையா வுட்டுடறேன். உள்ள இன்னா வேணுமோ அவரே வரஞ்சிக்கட்டும்."

காவல் நிலையம் வகுப்புக்குப் போகும் வழியில்தான் இருந்தது. உள்ளே போகவில்லை. சீனாவை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நாளைய வேலை: கொடியை வாங்கி வர வேண்டும். மறந்தது என்ன என்று யோசிக்க வேண்டும்.

14 ஆகஸ்ட், புதன்

பிழை: நேற்று மறந்தது அளவு. பலராமன் அண்ணனிடம் எவ்வளவு பெரியது என்று சொல்லவே இல்லை.

அவர் மாநாட்டு அளவில் தைத்துவிட்டார். காலையில் கடையில் வாங்கியபோது மடித்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. கம்பெனி வேனில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் இறங்கியபோது கன்னியப்பன் அண்ணன் நின்றிருந்தார்.

"இன்னா தங்கச்சி, போர்வையா? ஆபீசுல தூங்கற நேரம்கூட குடுக்கறாங்களா?"

வாங்கி உதறினார். விரித்துப் பிடிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. வெயிலில் நீலம் பளபளவென்று இருந்தது. மூலையில் சிவப்புக் கோடுகள் மிக நேர்த்தியாக விழுந்திருந்தன. வட்டம் வெறும் வெள்ளையாக, ஒரு தாம்பாளம் அளவுக்கு.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது இங்கிலீஷ்காரன் கொடி."

"மூலையில மட்டும்ணே. சாம்சன் சார் ஊருக் கொடி. முதலாளி மரியாதைக்கு..."

"பதினஞ்சாந்தேதி இன்னா நாளு தெரியுமா? இந்தக் கொடிய எறக்கின நாளு. அன்னிக்குப் பாத்து நாம ஏத்தறதா? அதுவும் இந்த சைசுல. பக்கத்துல நம்ம கொடி கைக்குட்ட மாதிரி இருக்கும்."

அதற்குள் ஷிஃப்ட் மாறும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி அறையிலிருந்து இறங்கி வந்தார். கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன்.

"சார், உங்க மேல கோவம் இல்ல" என்றார் கன்னியப்பன் அண்ணன். "இது பறந்தா நாங்க ஒருத்தரும் மைதானத்துக்கு வர மாட்டோம். அப்புறம் நீங்களும் பூர்ணிமாவும்தான் ரெண்டு கொடிக்கும் ரெண்டு பக்கம் நின்னு சல்யூட் அடிக்கணும்."

"சரிய்யா. நீலத்த விடு. நம்ம கொடி மட்டும்தான். சாம்சன் ஏத்தறதுல ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

"அவர் ஏத்தட்டும் சார். அவங்கப்பன் சேரப்பணஞ்சேரி. எங்க மாமியார் ஊரு. அதுல இன்னா ஆட்சேபம்."

இதெல்லாம் நடக்கும்போது சாம்சன் சார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். கை முழுக்க கிரீஸ். யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் முன்னால் வந்து, கை படாமல் குனிந்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார். "நல்லா தைச்சிக் கீறாரு" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் வேனில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுக்குப் பேச ஸ்ரீபெரும்புதூரில் வசதி உண்டா என்று கேட்டார். எங்கள் வகுப்புக்கு எதிரே ஒரு டெலிபோன் பூத் இருக்கிறது. அழைத்துப் போனேன். ஹாங்காங்கில் இப்போது இரவு எட்டரை மணி இருக்கும், மெர்சி தூங்கியிருக்க மாட்டாள் என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. ஏறி இறங்கி, பாட்டு மாதிரி இருந்தது. தமிழில் இன்னா, கீது என்று பேசுகிறவர் அதில் வேறு ஒரு ஆளாக, கொஞ்சம் இளைஞராகத் தெரிந்தார். முதலில் வேகமாகப் பேசினார், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் சோடா வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"சியூலான் கிட்ட சொன்னேன். வேலை, வூடு, எல்லாம். நீ எங்க சொல்றியோ அங்க வரேன்னா. மெர்சி போன வாங்கிக்கினு ஒண்ணே ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா சார்?"

"ஏர்போர்ட்ல அந்த ஊருக்காரங்களுக்கு ஒரு வரிசை, வெளியாளுங்களுக்கு ஒரு வரிசை இருக்கும். போன வருஷம் பாங்காக்கு போயிட்டு வந்தப்போ மூணு பேரும் ஒரே வரிசையில நின்னோம். இந்தியாவுக்குப் போயிட்டா மூணு பேரும் ஒரே வரிசையில நிக்கலாமான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன். ஆனா தெரியும்மா. எழுதிக் குடுத்துக் காத்துக்கினு இருந்தா எனக்கு இங்க கெடைக்கும்ன்றாங்க. சியூலானுக்கு? சீனத்தின்னு எத்தினி வருஷம் எத்தினி ஆபீசுல உக்கார வெப்பாங்க? அங்கயே இருந்தா ஆறு வருஷம் கழிச்சி அவங்க ரெண்டு பேரும் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. இங்க வந்தா நான் ஒரு வரிசை, அவங்க ஒரு வரிசை."

விமான நிலையத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே வரிசைகள் இப்படிப் பிரியும் என்பதே எனக்குப் புதிது. எனக்குத் தெரிந்த வரிசைகள் ரேஷன் கடையும் பஸ்ஸும்தான். அதில் குடும்பம் முழுக்க ஒரே வரிசைதான், ஒருத்தர் நின்றால் போதும்.

இதை அவரிடம் சொன்னேன். முட்டாள்தனமாகச் சொல்லிவிட்டேனோ என்று உடனே பயந்தேன். அவர் சோடா பாட்டிலைக் கையில் வைத்தபடி, "ஒருத்தர் நின்னா போதும்" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரிக்குப் போனீர்களே, அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தாராம். அந்தப் பெயரில் இரண்டு பேர் கப்பலுக்குப் போனதாகச் சொன்னார்களாம். ஒருவரைப் பற்றி நல்லதாகவும் ஒருவரைப் பற்றிக் கெட்டதாகவும். "எது எங்கப்பான்னு கண்டுபிடிக்க முடியல. ரெண்டும் அவர மாதிரிதான் இருந்துது" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

நாளைய வேலை: ஏழு மணிக்குள் கம்பெனி போய், கொடியை மடித்து, பூ வைத்து முடிச்சுப் போட வேண்டும்.

15 ஆகஸ்ட், வியாழன்

பிழை: முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டேன்.

கொடியேற்றும்போது எங்கள் கம்பெனியில் பிரிவு பிரிவாக நிற்பது வழக்கம். மோல்டிங், ஃபினிஷிங், பேக்கிங், லோடிங், ஆபீஸ். விருந்தாளிகளுக்கு முன்னால் நாற்காலி. சாம்சன் சாருக்கு முதலாளிக்கு அடுத்த நாற்காலி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சரி என்றால் கயிற்றை இழுப்பார் என்று முதலாளி மட்டும் நம்பிக்கையாக இருந்தார். சட்டைப் பையில் அறிவிக்க வேண்டியதை எழுதி வைத்திருந்தது வெளியே தெரிந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

முதலாளி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கை தட்டினார்கள். சாம்சன் சார் எழுந்து கம்பத்துக்குப் போனார். கயிற்றைப் பிடிக்கவில்லை. திரும்பி முதலாளிக்கு அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். ஆபீஸ் வரிசை பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"முதலாளி, நான் இழுத்தா அது ஒரு பதில் ஆயிடும். என் பதில் அது இல்ல. பொய்யா ஏத்தக் கூடாது."

"யோசிச்சிட்டீங்களா? இது உங்க அப்பா ஊருங்க."

"அப்பா ஊருதான். அதுல சந்தேகம் இல்ல. சியூலானுக்கும் மெர்சிக்கும் இது எந்த ஊரு?"

"கூட்டிட்டு வாங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே."

"நீங்க பாத்துப்பீங்க. கவுண்டர்ல உக்காந்துகினு இருக்கறவன் பாத்துப்பானா?"

முதலாளி முகம் வாடிப்போனது. பையிலிருந்த தாளை இன்னும் உள்ளே தள்ளினார். எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். மோல்டிங் வரிசையிலிருந்து கன்னியப்பன் அண்ணன் குரல் வந்தது.

"சார், யாராவது இழுங்க. வெயிலு ஏறிக்கினே கீது."

முதலாளியே போய் இழுத்தார். கொடி மேலே போனது. உச்சியில் நின்றது. விரியவில்லை. அவர் இன்னும் வேகமாக இழுத்தார். மூட்டை அங்கேயே ஆடியது. ஃபினிஷிங் வரிசையில் யாரோ, "பூர்ணிமா கட்டினது, பூட்டு மாதிரி இருக்கும்" என்றார்கள்.

சாம்சன் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டே போய், "வுடுங்க, பாக்கறேன்" என்று கயிற்றை வாங்கினார். இழுக்கவில்லை. தளர்த்தி, கொடியைப் பாதிக்கு இறக்கி, கயிற்றை மணிக்கட்டால் இரண்டு மூன்று முறை உதறினார். மோல்டில் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுக்கும்போது அவர் இப்படித்தான் அவசரப்படாமல் ஆட்டுவார். முடிச்சு இளகியது தெரிந்ததும் கயிற்றை முதலாளி கையில் திருப்பிக் கொடுத்து விலகி நின்றார். முதலாளி இழுத்தார். சாமந்தியும் ரோஜா இதழும் இருவர் தலையிலும் விழுந்தன.

பாட்டு முடிந்து இனிப்பு கொடுக்கும்போது கன்னியப்பன் அண்ணன் அவரை விடவில்லை.

"ஏத்த மாட்டேன்னீங்க. ஆனா நீங்க அவுக்கலன்னா அது ஏறியிருக்காது. இது எந்த நாட்டு சட்டத்துல கீது சார்?"

"முடிச்சு அவுக்கறதுக்கு பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க கன்னியப்பா."

"அப்போ எங்கதான் போறீங்க?"

"கனடா. குடியேற மனு போடற பேப்பரு ரெண்டு மாசமா வூட்டுல கீது. கையெழுத்துப் போடாம வெச்சிருந்தேன். போன உடனே போட்டுடுவேன்."

"அங்க உங்களுக்கு யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. எனக்கும் இல்ல, சியூலானுக்கும் இல்ல. அதான். மூணு பேரும் வெளியாளு வரிசையில ஒண்ணா நிக்கலாம்."

கன்னியப்பன் அண்ணன் கையிலிருந்த லட்டைச் சாப்பிடாமல் நின்றார். "குளிருமாமே" என்றார்.

"குளிரும்."

எனக்கு இது முழுதாகப் புரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. மூன்று பேருக்கும் ஏதோ ஒரு விதத்தில் சொந்தமான ஊர்களை விட்டுவிட்டு, மூன்று பேருக்கும் சொந்தமே இல்லாத ஊரைத் தேடிப் போகிறார். நேற்றுவரை இதைக் கேட்டிருந்தால் தப்புக் கணக்கு என்று சொல்லியிருப்பேன். அந்தப் பூத்துக்கு வெளியே நின்ற பிறகு அப்படிச் சொல்ல வரவில்லை.

முதலாளி கோபமாகத்தான் இருந்தார். மதியத்துக்குள் கோபம் போய், வேறு பேச்சுக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக இருந்து, மோல்டு வேலையை இங்கே ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதாகச் சாம்சன் சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். கன்னியப்பன் அண்ணன்தான் கற்றுக்கொள்ளப் போகிறார். "ஹாங்காங்கு போய்க் கத்துக்கறேன்னு சொல்லலாம்னு பாத்தேன். அந்த ஊரே கை மாறுதாமே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீலக் கொடி என் மேசைக்குக் கீழேயே கிடந்தது. பலராமன் அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பிரித்து வேறு எதற்காவது தைத்துக்கொள்வார். சாம்சன் சார் யோசித்து, மோல்டு மேல் போர்த்தலாம் என்றார். விடுமுறைக்கு மெஷினை நிறுத்தும்போது மோல்டுக்கு எண்ணெய் பூசித் துணி போட்டு மூட வேண்டும். பழைய துணி ஓட்டை விழுந்துவிட்டது. கன்னியப்பன் அண்ணனே கொடியை எடுத்துக்கொண்டு போனார். பிரிட்டிஷ் மூலையை உள்பக்கமாக மடித்து மூடினார். வெள்ளை வட்டம் மட்டும் மேலே வந்தது. சந்திரம்மாள் அக்கா அதன்மேல் டீத்தம்ளரை வைக்கப் போனார். "அங்க வெக்காதக்கா, அது சாரோட ஊரு" என்று கன்னியப்பன் அண்ணன் தடுத்தார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது சாம்சன் சாரிடம் கடைசியாகக் கேட்டேன். சீனாவை அடித்துவிட்டு என்ன எழுதட்டும்?

"பாஸ்போர்ட் பிரிட்டிஷ்னு போடு. பொறந்த ஊரு ஹாங்காங்னு போடு. மொதல்ல எழுதினது நாளைக்கு மாறலாம். ரெண்டாவது எழுதினத எவனாலும் மாத்த முடியாது."

அந்தத் தாளில் பிறந்த ஊருக்கு இடமே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. சின்ன எழுத்தில் எழுதினால் கொள்ளும்.

நாளைய வேலை: நகலில் சீனா என்பதைக் கோடிட்டு அடித்து, அவர் சொன்ன இரண்டையும் எழுத வேண்டும். எழுதியதை இந்தத் தடவை காவல் நிலையத்தில் கொடுப்பதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும்.